சாட்சி சொன்னதும் தாளில் ஏறியதும்

வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, லாரி விபத்து இழப்பீடு. சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலும், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி நீதிமன்றங்களிலும் இத்தகைய வழக்குகளுக்குக் குறைவில்லை. கூண்டில் ஏறிச் சொன்ன சாட்சியத்தின் மேல்தான் தீர்ப்பு நிற்கிறது. மேல்முறையீட்டை விசாரிக்கும் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அந்தச் சாட்சியின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார். தாளில் என்ன இருக்கிறதோ அதுவே அவருக்குச் சாட்சி. அதனால்தான் அந்தத் தாளைப் பிழை பார்ப்பது நீதி வழங்குவதில் பாதி வேலை என்கிறேன்.

கணினி வருவதற்கு முன், சாட்சி பேசுவார், நீதிபதி அதை வாக்கியமாக்கிச் சொல்வார், தட்டச்சர் கார்பன் தாள் வைத்து அடிப்பார். 1976இல் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் வந்த திருத்தம், கீழமை நீதிமன்றங்களில் சாட்சியத்தைத் தமிழிலேயே பதிய வழிசெய்தது. அடித்ததில் பிழை இருந்தால் பேனாவால் திருத்தி, பக்கத்தில் நீதிபதி சுருக்கொப்பம் இடுவார்.

நகல் வாங்குவது தனிப்பாடு. மனுப் போட்டு, முத்திரைத்தாள் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். நகல் பிரிவில் முழுவதையும் மறுபடி அடிப்பார்கள். பிறகு நகல் வாசிப்பாளர் மூலத்தை உரக்கப் படிக்க, நகல் பரிசோதகர் அடித்த பிரதியை வரிவரியாக ஒப்பிடுவார். ஒருவர் குரலும் இன்னொருவர் கண்ணும் சேர்ந்து பிழை பிடித்த முறை அது. சான்றிட்ட நகல் கைக்கு வந்ததும், வக்கீல் குமாஸ்தா கட்டைத் தூக்கிக்கொண்டு இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்புவார்.

2007இல் மின்னணு நீதிமன்றத் திட்டம் தொடங்கி, கணினிகள் வந்தன. கூடவே எழுத்துருச் சிக்கலும் வந்தது. ஒரு கணினியில் அடித்த தமிழ், அதே எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் வெறும் கிறுக்கலாகத் திறக்கும். அச்செடுத்துக் கொடுத்து மறுபடி அடிப்பார்கள். அடிக்கும்போது புதுப் பிழைகள் ஏறும். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்ற பின் மெல்ல மெல்லத்தான் இது தணிந்தது.

இன்று ஸ்கேன் செய்த சாட்சியம் பி.டி.எஃப். ஆகி நொடியில் சென்னை வக்கீலுக்குப் போகிறது. மனுவையும் இணையவழியே தாக்கல் செய்யலாம். 2023 பிப்ரவரி 21 அன்று உச்ச நீதிமன்றம், அரசியல்சாசன அமர்வு விசாரணை ஒன்றைச் செயற்கை நுண்ணறிவால் உடனுக்குடன் எழுத்தாக்கிப் பார்த்தது. அந்தப் பிரதியை வக்கீல்களுக்கு அனுப்பிச் சரிபார்க்கவும் ஏற்பாடு செய்தது. 2025இல் கேரள உயர் நீதிமன்றம், விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியம் பதிய இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்த உத்தரவிட்டது. நம் ஊருக்கும் இது வர அதிக நாளாகாது.

வரட்டும். ஆனால் இயந்திரத்துக்குப் பழக்கம் மேடைத் தமிழும் செய்தித் தமிழும். இந்தப் பகுதியின் சாட்சி பேசுவது கொங்குத் தமிழ். "அப்பாரு காலத்துக் காடு" என்றால் இங்கே தாத்தா காலத்து நிலம். அது "அப்பா" என்று பதிவானால் பாகப்பிரிவினை வழக்கில் ஒரு தலைமுறையே காணாமல் போகும். சர்வே எண்ணின் உட்பிரிவிலோ லாரிப் பதிவெண்ணிலோ ஓர் இலக்கம் பிசகினாலும் சேதம் அதே அளவுதான். இத்தகைய பிழையை வக்கீலுக்கு முன்பே கண்டுபிடிக்கக்கூடியவர் சாட்சி சொன்னவர் ஒருவரே.

சட்டத்துக்கும் இது தெரியும். குற்ற வழக்கில் பதிந்த சாட்சியத்தைச் சாட்சிக்குப் படித்துக் காட்டித் தேவையானால் திருத்த வேண்டும் என்றது 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 278ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 313ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. சரியில்லை என்று சாட்சி மறுத்தால், திருத்தாவிட்டாலும் அந்த ஆட்சேபத்தையாவது நீதிபதி குறித்துவைக்க வேண்டும். ஆனால் வழக்குப் பட்டியல் நீண்ட நாளில் "படித்துக் காட்டக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டேன்" என்ற கடைசி வரி வெறும் சடங்காகிவிடக்கூடும்.

அடிக்கும் நேரத்தையும் அனுப்பும் நேரத்தையும் கருவி மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறது. அந்த நேரம் படித்துக் காட்டுவதற்குச் சேர வேண்டும். திரையைச் சாட்சி பக்கம் திருப்பி, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நிதானமாக வாசித்து, அவர் கூண்டைவிட்டு இறங்கும் முன் திருத்தி முடிக்க வேண்டும். நகல் பிரிவில் ஒப்பிட்டுப் பழகியவர்களை இந்த வேலைக்கு அமர்த்தலாம். அவர்களின் அனுபவத்தை வீணாக்குவது நமக்குத்தான் நட்டம்.