கட்டுமுன் கூடிச் சிந்திப்போம்



"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது நம் முன்னோர் மொழி. கட்டடம் கட்டுதல் அத்துணை அரிய செயல். அதில் நேரும் பிழையோ எளிதில் நீங்காதது. தவறாக எழுதிய எழுத்தை அழிப்பானால் அழித்துவிடலாம். தவறான திசையில் எழுப்பிய சுவரை அவ்வாறு அழிக்க இயலுமா? அச்சுவர் நிற்கும் ஐம்பது ஆண்டுகளும் உள்ளே இருப்போர் வெப்பத்தில் வாட வேண்டும். அன்றேல் மின்சாரத்திற்குப் பணம் செலுத்திக்கொண்டே இருத்தல் வேண்டும்.

இத்துன்பம் ஒரு குடும்பத்தோடு நிற்பதன்று. உலகில் எரிபொருள் பயன்பாட்டாலும் தொழில்களாலும் வெளிப்படும் கரியமில வாயுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கட்டடங்களைக் கட்டுவதாலும் அவற்றைப் பயன்படுத்துவதாலும் உண்டாகிறது. ஆகவே, இயற்கைக்கு ஊறு செய்யாது நெடுநாள் பயன் தரும் கட்டடங்களை எழுப்புதல் கடமையாயிற்று. இவற்றைப் பசுமைக் கட்டடங்கள் என்பர். இவற்றைத் தரம் பிரித்துச் சான்று வழங்கும் முறையைச் சிங்கப்பூர் 2005ஆம் ஆண்டிலும் மலேசியா 2009ஆம் ஆண்டிலும் தொடங்கின.

நல்ல பசுமைக் கட்டடம் எங்கே பிறக்கிறது? சிமெண்டு குழைக்கும் இடத்திலன்று. பலர் கூடி அமரும் ஒரு மேசையில் பிறக்கிறது. அம்மேசையைச் சுற்றி நடைபெறுவதே வடிவமைப்புப் பட்டறை.

மேலை நாட்டார் இதனை 'ஷாரெட்' என்று அழைப்பர். பிரெஞ்சு மொழியில் இச்சொல் சிறு வண்டியைக் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகர நுண்கலைக் கல்லூரியில், மாணவர்தம் கட்டட வரைபடங்களைத் திரட்டிச் செல்ல வண்டி வருமாம். அது வந்த பின்னரும் மாணவர் இறுதி நொடிவரை வரைந்துகொண்டே இருப்பராம். அதனால், குறுகிய காலத்தில் பலர் கூடி முனைந்து திட்டமிடும் கூட்டத்திற்கு அப்பெயர் நிலைத்தது. 1993ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகையில் மின்சாரமும் நீரும் வீணாவதைக் குறைக்கும் பொருட்டு, கட்டடக் கலைஞர், பொறியாளர், சுற்றுச்சூழல் அறிஞர் எனப் பலர் இவ்வாறே கூடி வழி கண்டனர்.

ஓர் அலுவலகத்திலோ ஆலையிலோ இப்பட்டறை எவ்வாறு நடைபெறும்?

முதலாவதாக, அனைவரும் தம் பணியிடத்தைச் சுற்றி நடப்பர். பிற்பகல் மூன்று மணிக்கு எந்த அறை கொதிக்கிறது, பகலிலும் எங்கே விளக்கெரிகிறது, மழைநீர் எவ்வழி ஓடி வீணாகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்வர். இங்கே மேலாளரைவிடக் கூட்டித் துடைக்கும் அம்மையாருக்கும் சமையற்கூடத்துப் பணியாளருக்கும் மிகுதியாகத் தெரியும். நாள் முழுதும் அங்கே உழல்பவர் அவர்களன்றோ!

இரண்டாவதாக, அட்டையால் கட்டடத்தின் சிறு உருவைச் செய்வர். கைவிளக்கைச் சூரியனாகப் பிடித்துக் கிழக்கிலிருந்து மேற்கே நகர்த்துவர். நம் நாடு நிலநடுக்கோட்டின் அருகே உள்ளது. நண்பகல் வெயில் உச்சியில் நிற்பதால், வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் நீண்ட கூரை விளிம்பே காத்துவிடும். காலை மாலை வெயிலோ தாழ்ந்து வந்து, கூரைக்கு அடியில் நுழைந்து, கிழக்கு மேற்குச் சுவர்களைச் சுடும். எனவே நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்குதல் நன்று. இவ்வுண்மையை ஏட்டில் படிப்பதைவிட, அட்டைப் பெட்டியில் கண்ணால் காண்பது மனத்தில் பதியும்.

மூன்றாவதாக, கணக்கிடுவர். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் விழும். நூறு சதுர மீட்டர் கூரையில் இருபது மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர்! கழிவறைக்கும் செடிகளுக்கும் அந்நீர் போதாதா?

இறுதியாக, எதனை யார் எப்பொழுது செய்வது, செலவென்ன என்பதை எழுதி வைப்பர். எழுதாத பட்டறை வெறும் பேச்சரங்கமாகவே முடியும்.

சூரியனின் போக்கை முன்னரே எண்ணிப் பார்ப்பதன் பயனைப் புத்ராஜெயாவில் காணலாம். அங்கே 2010ஆம் ஆண்டில் நிறைவுற்ற எரிசக்தி ஆணையத்தின் ஏழு மாடி 'வைரக் கட்டடம்' தலைகீழாக நிறுத்திய கூர்ங்கோபுரம் போன்றது. சுவர்கள் வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பதால் மேல்மாடி கீழ்மாடிக்குக் குடையாகிறது. நடுமுற்றம் பகலொளியை உள்ளே கொணர்கிறது. வழக்கமான அலுவலகம் ஆண்டொன்றுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 யூனிட் மின்சாரம் செலவழிக்க, இக்கட்டடம் 85 யூனிட் அளவில் இயங்குமாறு வடிவமைக்கப்பட்டது.

இவ்வறிவு நமக்குப் புதியதன்று. கம்பத்து வீடுகளைப் பாருங்கள்! தூண்கள்மீது உயர்ந்த தளம், அத்தாப்புக் கூரை, அகன்ற சன்னல்கள். காற்று தாராளமாக உலவும். அவற்றைக் கட்டியோரே அவற்றில் வாழ்ந்தனர். பழைய தோட்ட லயங்களையும் நினைத்துப் பாருங்கள்! நண்பகலில் தகரக் கூரையின்கீழ் இருக்க மாட்டாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மரநிழல் தேடிய தாய்மார் எத்தனை பேர்! அந்த லயங்களை வரைந்தபோது, அங்கே வாழவிருந்தோரை எவரேனும் கேட்டனரா? கேட்டிருந்தால், பால்மரம் சீவும் தொழிலாளியும் ஒரு நல்ல யோசனை கூறியிருப்பார்.

ஆதலின், பெற்றோர்களே! உங்கள் பணியிடத்திலோ குடியிருப்பிலோ பள்ளியிலோ புதுக் கட்டடமோ பழுதுபார்ப்போ நடைபெறும் எனில், வரைபடம் முடிவாகும் முன்னரே கூட்டம் கூட்டுமாறு பணிவுடன் கேளுங்கள். முடிந்தபின் முறையிடுவதால் பயனில்லை.

மாணவமணிகளே! இன்று மாலை ஒரு காலணிப் பெட்டியை எடுங்கள். சன்னல் வெட்டுங்கள், கைவிளக்கால் ஒளி பாய்ச்சுங்கள், வெளிச்சம் எங்கே விழுகிறதெனப் பெற்றோருக்குக் காட்டுங்கள். நாளை நீங்கள் பொறியாளராகலாம், கொத்தனாராகலாம். எவராயினும், கட்டுமுன் அங்கே வாழப்போவோரைக் கேட்கும் பண்பை மறவாதீர்கள்.

கூடிச் சிந்திப்போம்! குளிர்ந்த இல்லங்களில் வாழ்வோம்!