இரட்டைக் குழந்தையா? முதல் ஸ்கேனைத் தள்ளிப் போடாதீர்கள்



நம் குடும்பங்களில் பலர் கண்ணேறுக்குப் பயந்து, மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியில் சொல்வதில்லை. உறவினருக்குச் சொல்லாமல் இருக்கலாம். நர்சம்மாவுக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது. குறிப்பாக, வயிற்றில் இருப்பது இரட்டைக் குழந்தை என்றால் இந்தத் தாமதம் பெரிய நஷ்டம்.

இரட்டையர் என்றதும் டாக்டர் பார்ப்பது, இருவருக்கும் நஞ்சுக்கொடி தனித்தனியா, ஒன்றேதானா என்பதை. 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் இது தெளிவாகத் தெரியும். நாள் ஆக ஆகக் கண்டுபிடிப்பது கடினம்.

தனித்தனி என்றால் ஆபத்து குறைவு. பொதுவாக நான்கு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் போதும். ஒரே நஞ்சுக்கொடி என்றால், ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்கு அதிகமாகப் போய்விட வாய்ப்பு உண்டு. கொடுக்கும் குழந்தை மெலியும். வாங்கும் குழந்தையின் இதயத்துக்குப் பாரம் கூடும். தாய்க்கு எதுவும் தெரியாமலேயே இது தொடங்கலாம். அதனால்தான் 16-ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வரச் சொல்கிறார்கள். "பிள்ளை நல்லாத்தானே இருக்கா, எதுக்கு இத்தனை ஸ்கேன்?" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்க வேண்டாம்.

தாய்க்கும் ரத்தசோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை வர வாய்ப்பு அதிகம். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். ரமலான் வந்தால், நோன்பு வைக்கலாமா என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். தாய்க்கோ குழந்தைக்கோ தீங்கு வரும் என்ற அச்சம் இருந்தால் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. விட்ட நோன்புக்கு என்ன செய்வது என்பதை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். ஆகவே ஏழாம் மாதத்திலேயே பிரசவம் எங்கே, துணைக்கு யார், ரத்தம் தேவைப்பட்டால் யார் தருவார் என்று முடிவு செய்துவிடுங்கள். ரத்த வங்கியும் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடமே நல்லது. நம் பகுதிக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திண்டிவனத்தில் உள்ளவர்கள் அங்கே அரசு மருத்துவமனையில் காட்டிக்கொண்டிருந்தாலும், பிரசவத்துக்கு எங்கே போவது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பின்வருவன தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்:

• ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல்
• விட்டுவிட்டு வயிறு இறுகுதல்
• கடும் தலைவலி, கண் மங்குதல், முகவீக்கம்
• வயிறு திடீரெனப் பெருத்து மூச்சு வாங்குதல்
• குழந்தைகளின் அசைவு குறைதல்

12 வாரத்துக்குள் பதிவு செய்வதில் இன்னொரு பயனும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அந்தப் பதிவு தேவை. பதிவில் கிடைக்கும் ஆர்.சி.எச். எண் பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும். மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு டாக்டரின் இலவசப் பரிசோதனை நடக்கிறது.

துஆவும் செய்வோம், பரிசோதனைக்கும் போவோம். பரிசோதனைக்கு அழைத்துச் செல்லத் துணை இல்லாத சகோதரிகள் அறக்கட்டளையில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், ஏற்பாடு செய்வோம்.

— செயலாளர்