வானத்தைப் பார்த்து நின்றது போதும்

கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டில் பலகாரம் உண்டு, பிள்ளைகளுக்குப் புதுத்துணி உண்டு. பெரிய வெள்ளி வந்தால் ஒருசந்தியும் சிலுவைப் பாதையும் உண்டு. ஆனால் ஈஸ்டர் தொடங்கி நாற்பதாம் நாள், ஒரு வியாழக்கிழமையில், ஒரு திருநாள் வருகிறதே, அது வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை. வேலை நாள் அல்லவா! பால் வெட்டப் போகிறவர் விடியற்காலையில் பிரட்டுக்குப் போய்விடுவார். பட்டணத்துக்குக் குடிபோனவர் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடிவிடுவார். சில நாடுகளில் இதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கே மாற்றி வைத்துவிட்டார்கள்.

ஆண்டவர் பரலோகத்துக்கு எழுந்தருளிய திருநாள்தான் அது. கத்தோலிக்கர்கள் விண்ணேற்றப் பெருவிழா என்பார்கள். மற்றச் சபையார் பரமேறிய நாள் என்பார்கள். ஆகஸ்டு 15-ல் வரும் மாதாவின் விண்ணேற்பு வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் குழப்பிக் கொள்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "அப்படின்னா இயேசு சாமி ராக்கெட் மாதிரி மேலே போனாரா?" என்று கேட்பார்கள். கேட்க மாட்டார்களா பின்னே? 1961-ல் யூரி ககாரின் விண்வெளிக்குப் போனதையும், 2007-ல் நம் மலேசியாவிலிருந்து ஷேக் முஸாபர் போனதையும் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகள் அவர்கள். "சாமியிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். ஒரு மேகம் அவரை மறைத்துக் கொண்டது என்கிறது அப்போஸ்தலர் பணிகள் நூல். வேதத்தில் மேகம் என்றால் மழை மேகம் மட்டுமல்ல. சீனாய் மலையில் மோசேயிடம் கடவுள் பேசியபோதும் மேகம் மூடியது. மலையில் இயேசுவின் முகம் ஒளிர்ந்தபோதும் மேகம் வந்தது. கடவுள் அருகில் இருக்கிறார் என்பதற்கு அது அடையாளம். ஆகவே இயேசு எத்தனை மைல் தூரம் போனார் என்று கணக்குப் பார்ப்பதில் பொருளில்லை.

எருசலேமுக்குக் கிழக்கே ஒலிவ மலையில் இந்த நிகழ்ச்சியின் நினைவாக ஒரு சிறு கோயில் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே முதலில் கட்டிய கோயிலுக்கு நடுவில் கூரை போடாமல் விட்டிருந்தார்களாம், வானம் தெரியட்டும் என்று. இப்போதுள்ளது சிலுவைப் போர் வீரர்கள் காலத்து எண்கோணக் கட்டடம். ஆண்டவரின் பாதம் பதிந்தது என்று நம்பப்படும் ஒரு கல் உள்ளே இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக அந்த இடம் முஸ்லிம்களின் பொறுப்பில் இருக்கிறது. திருநாள் அன்று கிறிஸ்தவர்கள் அங்கே வழிபாடு நடத்துகிறார்கள். ஈசா நபி உயர்த்தப்பட்டார் என்பது அவர்களுக்கும் நம்பிக்கைதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிரிவு என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது நம் பாட்டன் பாட்டிமார் அழுத அழுகையைக் கதை கதையாகக் கேட்டிருக்கிறோம். தோட்டம் துண்டாடப்பட்டபோது, லயத்தில் பக்கத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் திசைக்கு ஒருவராகப் போனதைப் பார்த்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பிரிந்தவர் எவராவது சிரித்துக்கொண்டு வீடு திரும்பியதுண்டா? ஆனால் லூக்கா எழுதுவதைப் பாருங்கள். பெத்தானியா வரை சீடர்களை அழைத்துப் போனார் இயேசு. கைகளை உயர்த்தி ஆசீர்வதித்தார். ஆசீர்வதித்துக் கொண்டிருக்கும்போதே பிரிந்து சென்றார். சீடர்களோ மிகுந்த மகிழ்ச்சியோடு எருசலேமுக்குத் திரும்பினார்கள்! எப்படி முடிந்தது?

போனவர் யார், போய் எங்கே அமர்ந்தார் என்பதில்தான் விடை இருக்கிறது. தந்தையின் வலப்பக்கம் அமர்ந்தார் என்று விசுவாச அறிக்கையில் சொல்கிறோம், வாய்ப்பாடு ஒப்பிப்பது போல. அந்தக் காலத்துத் தோட்டத்து ஆபீசை நினைத்துக் கொள்ளுங்கள். துரை உட்கார்ந்திருப்பார், கிராணியார் உட்கார்ந்திருப்பார். கூலி கேட்கப் போன நம் தாத்தா நின்றுகொண்டுதான் இருப்பார், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். நாசரேத்து இயேசு தச்சுவேலை செய்தவர். அவருடைய கையும் காய்ப்புக் காய்த்த கைதான். உயிர்த்தெழுந்த பிறகும் அந்தக் கையில் ஆணிக் காயம் இருந்தது. அதைத்தான் தோமையாருக்குக் காட்டினார். மனித உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் மேலே போகவில்லை. ஒரு தொழிலாளியின் உடம்போடு, காயத்தோடு போய், எல்லாவற்றுக்கும் மேலான ஆசனத்தில் உட்கார்ந்தார். நம் கையை அசிங்கம் என்று எவராவது நினைத்தால், அவர் அந்த ஆசனத்தில் இருக்கும் கையையும் சேர்த்துத்தான் நினைக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. ஸ்தேவானை (முடியப்பர் என்போமே, அவர்தான்) கல்லெறிந்து கொன்றார்கள் அல்லவா? அப்போது அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். இயேசு அங்கே உட்கார்ந்திருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தார்! தம்முடையவன் அடிபடும்போது ஆசனத்தை விட்டு எழுந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெரிய பெரிய விளக்கவுரைகளைவிட இந்த ஓர் இடம் எனக்குப் போதும்.

ஆனால் இந்தத் திருநாளைத் தவறாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. "இங்கே பொறுத்துக்கொள், மேலே மோட்சத்தில் எல்லாம் கிடைக்கும்" என்று ஏழைக்குச் சொல்லி, அவன் வாயைக் கட்டி வைப்பது சுலபமான வேலை. சீடர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றபோது வெள்ளை உடையில் வந்த இருவர் என்ன செய்தார்கள்? ஏன் இப்படி அண்ணாந்து பார்த்து நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். பாராட்டியா கேட்டார்கள்? இல்லவே இல்லை. அவர் திரும்பி வருவார் என்று மட்டும் சொன்னார்கள். எப்போது என்பது நமக்கு வேண்டாத ஆராய்ச்சி. அந்த நாள் எது என்று கணக்குப் போட்டு இன்றும் தாள் அச்சடித்துக் கொடுப்பவர்களைப் பார்த்தால் சிரிப்பதா, வருந்துவதா தெரியவில்லை.

சீடர்கள் மலையிலிருந்து இறங்கினார்கள். எருசலேம் அதிகத் தூரமில்லை. ஆண்டவரைப் பிடித்துக் கொடுத்த அதே ஊர், பயம் இன்னும் போகாத ஊர். அங்கேதான் ஒரு மாடி அறையில் ஆணும் பெண்ணும் கூடி ஜெபித்தார்கள், மாதாவும் இருந்தார். சுமார் 120 பேர். யூதாஸ் விட்டுப்போன இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். கண்ணீர் துடைத்த கையோடு ஆள் குறைந்த இடத்தை நிரப்பியிருக்கிறார்கள், பாருங்கள்!

நமக்கும் மலை இறங்கியதும் ஒரு ஊர் இருக்கிறது. சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளும் பக்கத்து வீட்டுப் பாட்டி இருக்கிறார். பதிவு இலாகாவுக்குப் போனால் எந்தப் பாரத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் திரும்பி வருகிறவர். அவரோடு ஒரு நாள் போய் வரிசையில் நிற்க யாருக்கு நேரமிருக்கிறது? பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளியில் சேர முடியாத பையன் இருக்கிறான். சம்சு குடித்துக் குடும்பத்தைக் கவனிக்காத தம்பி இருக்கிறான். அவனைக் கோயிலில் கண்டால் முகத்தைத் திருப்பிக் கொள்கிறோம். இவர்களிடம் போவதற்குத்தான் அன்று சீடர்களை மலையை விட்டு இறக்கினார்கள்.

இந்தத் திருநாள் ஏப்ரல் 30-க்கு முன்னாலும் வராது, ஜூன் 3-க்குப் பின்னாலும் வராது. காலண்டரில் இப்போதே ஒரு வட்டம் போட்டு வையுங்கள். காலையில் கோயிலுக்குப் போக முடியாவிட்டால், சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் வேதபுத்தகத்தில் லூக்கா நற்செய்தியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, ராக்கெட் கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையிடமே கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கடைசி நான்கே வசனம்தான். அடுப்பில் ரசம் கொதிப்பதற்குள் வாசித்துவிடுவான்.