மல்லாந்த நீச்சலின் மன்னர்
ரோலண்ட் மத்தெஸ் (1950–2019)

கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரில், மார்லீஸ் குரோஹே என்ற பெண் பயிற்சியாளரிடம் உருவானவர் மத்தெஸ். 1967 முதல் 1974 வரை மல்லாந்த நீச்சலில் அவரை யாராலும் வெல்ல முடியவில்லை. 1968 மெக்சிகோ, 1972 மியூனிக் என இரண்டு ஒலிம்பிக்கிலும் 100 மீட்டர், 200 மீட்டர் தங்கங்கள் அவருக்குத்தான்.

மல்லாந்த நீச்சல் போட்டியில் மேடையிலிருந்து பாய்வதில்லை. தண்ணீரில் இறங்கி, கைப்பிடியைப் பற்றி, பாதங்களைச் சுவரில் ஊன்றிப் பின்பக்கமாக எகிற வேண்டும். நெருங்கிவரும் சுவர் கண்ணில் படாது. அதற்கு 5 மீட்டர் முன்பே தலைக்குமேல் தொங்கும் கொடிகளைப் பார்த்ததும் கைவீச்சை எண்ணத் தொடங்குவார்கள். இன்று திரும்பும் முன் கவிழ்ந்துகொள்ளலாம். மத்தெஸ் காலத்தில் மல்லாந்தபடியே சுவரைக் கையால் தொட்டாக வேண்டும். அந்த விதியோடுதான் மியூனிக்கில் 100 மீட்டரை 56.58 விநாடியில் முடித்தார்.

1974இல் அமெரிக்காவின் ஜான் நேபர் அவரை வீழ்த்தினார். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு குடல்வால் அறுவைச் சிகிச்சை. அந்த உடம்போடு 100 மீட்டரில் வென்ற வெண்கலம், அவருடைய தங்கங்களுக்குச் சற்றும் குறைந்ததல்ல. பின்னாளில் எலும்பு மருத்துவராகப் பணியாற்றினார்.