பழைய மஸ்டாங் Vs புதிய மஸ்டாங்: ஒரு பள்ளம் சொல்லும் வித்தியாசம்

வேகமாக ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள். பாதி வளைவில் தார் பெயர்ந்து ஒரு சின்னப் பள்ளம். பின்பக்கம் ஒரு சக்கரம் மட்டும் அதில் இறங்கி ஏறுகிறது. நீங்கள் ஓட்டுவது 2014 ஃபோர்டு மஸ்டாங் என்றால், காரின் பின்பக்கம் 'டக்'கென்று கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து உட்காரும். வயிற்றில் புளியைக் கரைக்கும். அதுவே 2015 மஸ்டாங் என்றால் 'தொப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், கார் தன் பாட்டுக்குப் போகும்.

இரண்டு காரிலும் 5.0 லிட்டர் வி8 இன்ஜின்தான். பவர்கூட 420-லிருந்து 435 குதிரைத்திறன், பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் எது மாறியது? பின் அச்சு. 50 வருஷமாக ஃபோர்டு மாற்றாமல் வைத்திருந்த ஒரு விஷயம் அது.

"பழைய ஸ்போர்ட்ஸ் கார்தான் பாஸ் உண்மையான கார், இப்போ வர்றதெல்லாம் கம்ப்யூட்டர்" என்று இன்ஸ்டா ரீல்ஸ் பார்த்துப் பேசுகிறவர்கள் நம் எல்லோர் ஆபீஸிலும் உண்டு. அது எவ்வளவு தூரம் சரி? மஸ்டாங்கை வைத்தே பார்க்கலாம்.

அதென்ன ரைடு, ஹேண்ட்லிங்?

ரோட்டில் உள்ள மேடு பள்ளம் உங்கள் முதுகு வரை எவ்வளவு வருகிறது என்பது ரைடு. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு நம்பகமாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்பது ஹேண்ட்லிங். ஸ்பிரிங்கை இறுக்கமாக வைத்தால் ஹேண்ட்லிங் கிடைக்கும், சொகுசு போய்விடும். இளக்கமாக வைத்தால் நேர்மாறு. பொதுவாக இப்படித்தான் சொல்வார்கள். பாதி உண்மை. மீதியைச் சக்கரங்கள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பது முடிவு செய்கிறது.

1964: அழகு இருந்தது, மற்றதெல்லாம்?

1964 ஏப்ரல் 17-ம் தேதி நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமானது. விலை 2,368 டாலரில் தொடங்கியது. முதல் வருஷத்திலேயே நாலு லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்த விலை எப்படிச் சாத்தியமானது? மேலே இருந்த உடம்பு புதுசு, அடியில் இருந்தது ஃபோர்டின் ஃபால்கன் என்ற சாதாரண குடும்பக் கார். பின்னால் லாரியில் பார்ப்போமே, பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங், அதுதான். அதன் மேல் ஒரு முழு இரும்பு அச்சு. நம் ஊர் அம்பாசடரிலும் இதே அமைப்புதான்.

ரொமான்ஸை விட்டுவிட்டுப் பேசினால், ஆரம்பகால மஸ்டாங்கை வளைவுக்கான கார் என்று சொல்ல முடியாது. அடிப்படை மாடலுக்கு 13 அங்குலச் சக்கரம், நான்கிலும் டிரம் பிரேக். பவர் ஸ்டீயரிங் இல்லாவிட்டால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நாலு சுற்றுக்கும் மேல் சுற்ற வேண்டும். கரோல் ஷெல்பி 1965-ல் ஜிடி350-ஐ உருவாக்கியபோது முன் சஸ்பென்ஷனின் மேல் கையைக் கீழே இறக்கிப் பொருத்தி, கோனி ஷாக் அப்சார்பர் போட்டு, பின் அச்சு முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் தனிக் கம்பிகள் வைக்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் அது ரேஸில் ஜெயித்தது.

ஆனால் எடை குறைவு. ஆறு சிலிண்டர் மாடல் சுமார் 1,100 கிலோதான். 2015 ஜிடி கிட்டத்தட்ட 1,680 கிலோ. பழைய காரில் 50 கி.மீ. வேகமே த்ரில்லாக இருப்பதற்கு இது ஒரு காரணம். டயர் பிடி குறைவு என்பது இன்னொரு காரணம், அதை யாரும் ரீல்ஸில் சொல்வதில்லை!

முழு அச்சில் என்ன பிரச்சினை?

ஒரு கம்பின் இரண்டு முனையிலும் சக்கரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது சக்கரம் மேட்டில் ஏறினால் கம்பு சாய்கிறது. சும்மா இருந்த வலது சக்கரமும் கூடவே சாய்கிறது. வளைவில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய டயர் ரோட்டில் சரியாகப் படியாது. அதோடு டிஃபரன்ஷியல், அதன் கூடு எல்லாம் சக்கரத்தோடு சேர்ந்தே குதிக்கின்றன. அவ்வளவு கனம் ஒருமுறை துள்ள ஆரம்பித்தால் ஷாக் அப்சார்பர் பாவம், அடக்கத் திணறும்.

அப்படியென்றால் ஏன் 2014 வரை வைத்திருந்தார்கள்? விலை மலிவு, உடையாது. சிக்னலில் நின்று கிளம்பியதும் நேர்க்கோட்டில் பறக்கிற டிராக் ரேஸ் பிரியர்களுக்கு இதுதான் வேண்டும். 1999-ல் கோப்ரா மாடலில் மட்டும் ஃபோர்டு இரண்டு பின் சக்கரங்களையும் தனித்தனியாகத் தொங்கவிட்டது. அதைக் கழற்றிவிட்டுப் பழைய முழு அச்சைப் போட்டுக்கொண்ட ஓனர்களும் இருந்தார்கள்.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வழவழப்பான ரோட்டில் முழு அச்சு மோசமில்லை. கார் உடம்பு சாய்ந்தாலும் இரண்டு பின் டயரும் ரோட்டில் நேராகவே நிற்கும். 2012-ல் வந்த பாஸ் 302 இதற்குச் சாட்சி. அதே முழு அச்சை வைத்துக்கொண்டு, பிஎம்டபிள்யூ எம்3-ஐ இலக்காக வைத்து உருவாக்கிய கார். ஷாக் அப்சார்பரை ஸ்க்ரூடிரைவரால் ஐந்து நிலைகளில் இறுக்கிக்கொள்ளலாம். ரேஸ் டிராக்கில் அசத்தியது. என்னைக் கேட்டால், 'பழைய மஸ்டாங்தான் ஃபீல்' என்று வாதாட வேண்டுமென்றால் 1965-ஐ விட்டுவிட்டு இந்தக் காரைக் காட்டுங்கள்.

2015-ல் செய்தது என்ன?

பின் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும்படி மாற்றினார்கள். ஆனால் இதில் சுவாரசியம் அது மட்டுமில்லை. பிரேக் அடித்தாலோ ஆக்சிலரேட்டரை மிதித்தாலோ சக்கரத்தைப் பிடித்திருக்கும் பகுதி முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தாங்க ரப்பர் புஷ்களைக் கெட்டியாக வைத்தால், ஒவ்வொரு குழியும் உள்ளே கேட்கும். ஃபோர்டு, 'இன்டக்ரல் லிங்க்' என்று ஒரு சின்ன இணைப்பைச் சேர்த்து அந்த முறுக்கை அதன் தலையில் கட்டியது. அதனால் முன்பின்னாக அசைய வேண்டிய புஷ்ஷை இளக்கமாகவும், பக்கவாட்டில் பிடிக்க வேண்டியதைக் கெட்டியாகவும் வைக்க முடிந்தது. அதாவது சொகுசு, பிடி இரண்டும் ஒரே நேரத்தில். மேலே சொன்ன பாதி உண்மை உடைவது இந்த இடத்தில்தான்.

2018-ல் ஜிடி-க்கு மேக்னரைடு ஆப்ஷனும் வந்தது. இரும்புத் துகள் கலந்த திரவம், காந்தப் புலம் பட்டதும் கெட்டியாகும் ஷாக் அப்சார்பர். ரோட்டைப் பார்த்து அதுவே மாற்றிக்கொள்ளும்.

இந்தத் தலைமுறையில்தான் ஃபேக்டரியிலேயே வலது கை ஸ்டீயரிங் மஸ்டாங் வந்தது. 2016-ல் இந்தியாவுக்கும் வந்தது, சுமார் 65 லட்ச ரூபாய்க்கு. முழு அச்சோடு நம் சாலைகளுக்கு வந்திருந்தால் முதுகு என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போ பழசு வேஸ்ட்டா?

வளைவு, குழி, மழை எல்லாம் உள்ள நிஜ ரோட்டில் புதுசுதான். இதில் இழுபறியே இல்லை. ஒருவர் பழைய காரில் கஷ்டப்பட்டுச் சமாளிக்கும் சந்தோஷத்தை 'நல்ல ஹேண்ட்லிங்' என்று சொன்னால், சந்தோஷத்தை ஒத்துக்கொள்ளலாம், ஹேண்ட்லிங்கை வேண்டாம். கையில் ஒரு பழைய மஸ்டாங் கிடைத்தால் முதலில் டயர் வயசையும், பின் அச்சைப் பிடித்திருக்கும் புஷ்களையும் பாருங்கள். அவை போயிருந்தால், ஆரம்பத்தில் சொன்ன 'டக்' இரண்டு மடங்காகும்.

புதுசுக்கு ஒரு குறை உண்டு. நின்ற இடத்திலிருந்து முழு ஆக்சிலரேட்டரில் கிளம்பினால் பின் சக்கரங்கள் தடதடவென்று துள்ளும். ஓனர்கள் ரொம்பப் புலம்பிய விஷயம் இது. 2018-ல் டிராக் ரேஸுக்கென்றே 68 கோப்ரா ஜெட் கார்களைத் தயாரித்தபோது, ஃபோர்டு என்ன செய்தது தெரியுமா? அந்தத் தனித்தனி சஸ்பென்ஷனைத் தூக்கிவிட்டுப் பின்னால் மறுபடியும் முழு அச்சையே வைத்தது.