உடம்புக்குப் பொறுமை பழக்கும் துகள்கள்

திருப்பதியின் அலிபிரி சோதனைச் சாவடியில், திருமலைக்கு ஏறும் வண்டிகளையும் பைகளையும் சோதித்துத்தான் மேலே விடுகிறார்கள். அங்குள்ள காவலர் ஒருவர் தன் வீட்டு ஆட்களையே எதிரி என்று அடிக்கத் தொடங்கினால்? முடக்குவாதம், லூபஸ், முதல் வகை நீரிழிவு ஆகிய தன்னுடல் தாக்கு நோய்களில் நம் நோயெதிர்ப்பு அணுக்கள் செய்வது அதைத்தான்.

அலிபிரி சாலையிலேயே இருக்கும் ஸ்விம்ஸ் மருத்துவமனையானாலும் சரி, சென்னையானாலும் சரி, முடக்குவாதம், லூபஸ் போன்றவற்றுக்கு இன்றைய சிகிச்சை ஏறத்தாழ ஒன்றுதான். ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் எதிர்ப்பை ஒட்டுமொத்தமாகத் தணிக்கின்றன. வலி குறைகிறது, தொற்று தாக்கும் வாய்ப்பு கூடுகிறது. தவறு செய்யும் அணுக்களை மட்டும் திருத்த முடியாதா?

முடியும் என்ற நம்பிக்கைக்கு உடம்பே வழி காட்டியிருக்கிறது. தினமும் கோடிக்கணக்கான செல்கள் நமக்குள் இறக்கின்றன. மண்ணீரலும் கல்லீரலும் அவற்றை அழற்சியின்றி அப்புறப்படுத்துகின்றன. அந்த வழியாக வரும் புரதத்தை டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் ஆபத்தில்லாததாக ஏற்றுக்கொள்கின்றன. அத்துமீறும் செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் உண்டு. 2025-இன் மருத்துவ நோபல் பரிசு அவற்றைக் கண்டறிந்தவர்களுக்குத்தான்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மில்லர் குழு, இறந்த செல்களை அகற்றும் இந்த வழியைப் பயன்படுத்தியது. தானாகக் கரையும் அறுவைத் தையல் நூல்களில் உள்ள அதே வகைப் பாலிமரில் நுண்துகள் செய்து, நோயைத் தூண்டும் புரதத்தை அதற்குள் வைத்து, ரத்தக் குழாயில் ஏற்றுவது அவர்கள் முறை. எலிகளில் வெற்றி பெற்ற இந்த முறை, கோதுமையின் குளூட்டனால் குடல் அரிக்கப்படும் சீலியாக் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2021-இல் வெளியான முடிவு இது: துகள் ஊசி இரண்டு முறை போட்டபின் 33 பேர் 14 நாள் குளூட்டன் உண்டார்கள். மருந்து பெற்றவர்களிடம் குளூட்டனுக்கு எதிரான டி செல் கொந்தளிப்பு, வெற்று ஊசி பெற்றவர்களைவிட 88 சதவீதம் குறைவு. சிறிய சோதனைதான். குடல் சேதத்தில் இரு குழுவினரிடையே இருந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவும் இல்லை. ஆனாலும், ஒரே ஒரு புரதத்துக்கு மட்டும் மனித உடம்பைப் பொறுமை கொள்ளச் செய்யலாம் என்று காட்டியதை நான் பெரிய விஷயமாகவே கருதுகிறேன்.

சீலியாக் நம் பக்கம் அபூர்வம். குடல் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அதற்கான எதிர்ப்பொருள் வட இந்தியரில் 1.23 சதவீதம் பேரிடமும் தென்னிந்தியரில் 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. மரபணு வாய்ப்பில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை 455 கிராம். தெற்கே 25 கிராம். இட்லியைவிட்டுச் சப்பாத்திக்கு மாறிவரும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே அதிகம் காணப்படும் முடக்குவாதத்தில்தான் சிக்கல். தூண்டும் புரதம் ஒன்றல்ல. ஆளுக்கு ஆள் மாறவும் செய்கிறது. எதைத் துகளுக்குள் வைப்பது? அதனால் சிலர், புரதத்துக்குப் பதிலாக ஒழுங்குபடுத்தும் செல்களைப் பெருக்கும் மருந்துகளைத் துகளில் ஏற்றுகிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சித்தார்த் ஜுன்ஜுன்வாலா, முன்பு பிட்ஸ்பர்கில் இருந்தபோது ராபமைசின் என்ற மருந்தை வைத்து இப்படி முயன்றவர்.

முடக்குவாதத்துக்கு இந்த வகை ஊசி இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை. ‘நானோ’ துகள் என்று யார் எதை விற்றாலும் அதை நம்பி வாராந்திர மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் மூட்டு மறுபடி வீங்கக்கூடும். அந்த வீக்கத்தில் அரிபட்ட எலும்பு பழையபடி ஆகாது.