திருவண்ணாமலை எரிமலையா? நிஜ ‘நெருப்பு மலை’ எப்படி இருக்கும்?

பௌர்ணமி கிரிவலம் போனவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. 14 கிலோமீட்டர் பாதையில் ஏதாவது ஒரு டீக்கடையில் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். “இந்த மலை ஒரு காலத்துல எரிமலையா இருந்துச்சாம். அதனாலதான் அக்னித் தலம்.” வாட்ஸ்அப்பிலும் இது அடிக்கடி வலம் வருகிறது.

உண்மையா? பதில் சொல்வதற்கு முன், நிஜமாகவே நெருப்பு கக்கும் ஒரு ‘சாமி மலை’யைப் பார்த்துவிட்டு வரலாம்.

எங்கே இருக்கிறது?

ஆப்பிரிக்காவில், தான்சானியாவின் வடக்கு ஓரத்தில். பெயர் ஓல் டோய்ன்யோ லெங்காய். மசாய் மொழியில் ‘கடவுளின் மலை’ என்று அர்த்தம். உயரம் 2,962 மீட்டர், அதாவது சுமார் 9,700 அடி. நம்ம அண்ணாமலை 2,668 அடி.

லெங்காயின் ஸ்பெஷல் அதன் எரிமலைக்குழம்பு. வழக்கமான குழம்பு 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும். இங்கே 500 முதல் 600 டிகிரிதான். பகலில் பார்த்தால் சிவப்பாகத் தெரியாது. கறுப்பு எஞ்சின் ஆயில் மாதிரி ஓடும். ஆறியதும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளுத்துவிடும். காரணம், அதில் நிறைய இருப்பது சோடியம் கார்பனேட். நம்ம வீட்டில் சொல்லும் சலவை சோடா! இப்படிப்பட்ட குழம்பை இன்று கக்கும் எரிமலை உலகிலேயே இது ஒன்றுதான். 2007-08இல் பெரிதாக வெடித்துச் சாம்பலை வாரி இறைத்தது.

பக்கத்தில் ஒரு சோடா ஏரி

மலைக்கு வடக்கே நேட்ரான் ஏரி. மழையும் வெந்நீர் ஊற்றுகளும் எரிமலைப் பாறையில் இருக்கும் சோடாவைக் கரைத்துக்கொண்டு வந்து இதில் சேர்க்கின்றன. தண்ணீர் வெளியேற வழி கிடையாது. வெயிலில் ஆவியாகி, உப்பு மட்டும் தங்கிவிடும். ஆழம் 3 மீட்டருக்கும் குறைவு. உப்பில் வாழும் நுண்ணுயிர்களால் சில மாதங்களில் ஏரியே சிவந்து கிடக்கும்.

‘தொட்டால் கல்லாக்கும் ஏரி’ என்று ஒரு புகைப்படத் தொகுப்பு 2013இல் வைரலானது நினைவிருக்கிறதா? கரையில் இறந்து, உப்பில் பதப்பட்டுக் கிடந்த பறவைகளை நிக் பிராண்ட் என்ற புகைப்படக்காரர் உட்காரவைத்து எடுத்த படங்கள் அவை. உண்மையில் இது ஒரு பிரசவ அறை. உலகின் சிறிய பூநாரைகளில் சுமார் 75 சதவீதம் பிறப்பது இங்கேதான். காரத் தண்ணீரைத் தாண்டி நரி, கழுதைப்புலி எதுவும் கூட்டுக்கு வர முடியாது. அதுதான் குஞ்சுகளுக்குப் பாதுகாப்பு.

இந்தியத் தொடர்பும் உண்டு. கண்ணாடிக்கும் சலவைத்தூளுக்கும் தேவையான சோடா சாம்பலை இங்கே ஆண்டுக்கு 5 லட்சம் டன் எடுக்க, தான்சானிய அரசு நிறுவனத்துடன் சேர்ந்து டாடா கெமிக்கல்ஸ் திட்டமிட்டது. பூநாரைகளுக்கு ஆபத்து என்று எதிர்ப்பு வலுத்ததால் 2008இல் விலகிக்கொண்டது.

போக முடியுமா?

முடியும். கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கி, அருஷா நகரிலிருந்து ஜீப்பில் எங்காரெசேரோ கிராமத்துக்குப் போக வேண்டும். கடைசிப் பகுதி மண் சாலை. ஜூன் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் ஏற ஆரம்பித்து விடியலில் உச்சியைத் தொடுவார்கள். வழியில் நிழலோ, தண்ணீரோ, கைப்பிடியோ கிடையாது. சாம்பல் சரிவில் இரண்டு அடி வைத்தால் ஒரு அடி சறுக்கும். மசாய் வழிகாட்டி இல்லாமல் ஏறாதீர்கள். மலேரியா மாத்திரை பற்றி முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, நம்ம மலை?

அண்ணாமலையில் எரிமலை வாய் கிடையாது. குழம்பு ஓடி இறுகிய அடுக்குகளோ, சாம்பல் படிவங்களோ கிடையாது. வட தமிழகத்தின் மற்ற குன்றுகளைப் போல இதுவும் பூமிக்குள் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை. மேலே இருந்த மண்ணும் கல்லும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போக, கெட்டியான பகுதி குன்றாக நிற்கிறது. இந்தப் பகுதிப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. இமயமலை எழத் தொடங்கியே சுமார் 5 கோடி ஆண்டுதான். ‘இமயத்தைவிடப் பழசு’ என்று பெரியவர்கள் சொல்வது சரி. ‘எரிமலை’ என்பது சரியில்லை. அக்னி என்பது நம்பிக்கையின் மொழி, அதற்குப் புவியியல் சான்றிதழ் தேவையில்லை.

ஆனால் லெங்காய்க்கு ஒரு தூரத்துச் சொந்தம் பக்கத்திலேயே இருக்கிறது. 1989க்கு முன் திருவண்ணாமலையோடு ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூர் அருகே, செவ்வாத்தூரில். அங்கே இருப்பது கார்பனடைட். லெங்காய் கக்குவதும் அதே குடும்பத்துப் பாறைதான். சுமார் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் கீழிருந்து ஏறி, வெளியே வராமல் பூமிக்குள்ளேயே இறுகிவிட்டது. அதை ஒட்டிக் கிடைக்கும் வெர்மிகுலைட் கனிமத்தைத் தமிழ்நாடு அரசின் ‘டாமின்’ வெட்டி எடுத்தது.

இதைத் தெரிந்துகொள்வதில் என்ன லாபம்?

எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகர் வீட்டின் மேல் விழுந்தன. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு மகா தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி கிடைக்கவில்லை.

லெங்காயைச் சுற்றி வாழும் மசாய் மக்கள் உச்சியில் புகை தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். அண்ணாமலை அடிவாரத்தில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது மழை அளவை, சரிவில் புதிதாக விழும் விரிசலை, ஓடை அடைபட்டிருக்கிறதா என்பதை. அடுத்த முறை டீக்கடையில் யாராவது எரிமலைக் கதையை ஆரம்பித்தால், இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.